பதில் சொல்லும் அவசரம்

கேள்வி: நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் யார் மனக்கஷ்டத்தைச் சொன்னாலும் உடனே ஆறுதல் எழுதுவேன். நல்ல மனசுக்காரி என்ற பெயரும் எனக்கு உண்டு. போன மாதம் என் தம்பி, வேலை போய்விட்டதைச் சொல்ல நேரில் வந்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவனோடு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த வழியெல்லாம் சொன்னேன். கிளம்பும்போது, "அக்கா, நான் சொன்னதை நீ கேட்கவே இல்லை" என்றான். அவன் பேசியதை வரிக்கு வரி என்னால் திருப்பிச் சொல்ல முடியும். பிறகு நான் எதைக் கேட்கவில்லை? சமூக ஊடகத்தை விட்டுவிட வேண்டுமா? அதில் வருகிற எல்லோருடைய துயரத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி பேசிய சொற்கள் அனைத்தும் உங்கள் காதில் விழுந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதும்போது "எனக்குத் தெரிந்த வழியெல்லாம் சொன்னேன்" என்கிறீர்கள். அவர் என்ன சொன்னார், எந்த இடத்தில் தயங்கினார், எதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் குறைப்பட்டுக்கொண்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த அவசரம் உங்கள் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே உள்ள நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். ஒரு பொருளின் படத்தைப் பார்த்து அதன் பெயரை வாய்விட்டுச் சொல்வதற்கே அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மனம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பது தெளிவாகிறது. கடை கண்ணிக்குப் போகும்போதும் அலுவலகப் பேச்சிலும் இந்த வேகம் நமக்கு உதவுகிறது. மனம் நொந்து பேச வந்தவரின் முன்னால் அதே வேகம்தான் இடைஞ்சலாகிறது.

சமூக ஊடகம் இந்த இயல்பை ஊதிப் பெரிதாக்கிவிட்டது. ஃபேஸ்புக்கில் 2009-இல் விருப்பக் குறி வந்தது. 2016-இல் சிரிப்பு, வியப்பு, வருத்தம், கோபம் என உணர்ச்சிகளுக்கும் தனித்தனிக் குறிகள் வந்தன. ஒருவர் தம் தாயை இழந்த துயரத்தை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் அதைப் பத்து நிமிடம் மனம் கனக்கப் படித்துவிட்டு எதுவும் எழுதாமல் போனால், நீங்கள் வந்துபோனதே அவருக்குத் தெரியாது. படிக்காமலே ஒரு குறியைத் தட்டிவிட்டுப் போனவரின் பெயர் மட்டும் அங்கே நிற்கும். பேசாமல் கேட்பவருக்கு அங்கே இடமே கிடையாது. குரல் பதிவுகளை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதியை 2021-இல் வாட்ஸ்அப் கொண்டுவந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் பேசியதைக்கூட வேகத்தைக் கூட்டிக் கேட்டுவிட்டு, "கவலைப்படாதே" என்று தட்டச்சு செய்கிறோம். நாள் முழுவதும் இப்படிப் பழகிய கை, போனைக் கவிழ்த்து வைத்ததும் திருந்திவிடாது. நீங்கள் அந்தப் பழக்கத்தோடுதான் தம்பியின் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். (போனை அடுத்த அறையில் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கவிழ்ந்து கிடக்கும் போன் அதிர்ந்தால் கண் அங்கே போகும். கண் போவதைப் பேசுகிறவர் பார்த்துவிடுவார்.)

கேட்பது என்பது சும்மா இருந்து வாங்கிக்கொள்ளும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பவேலஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கிறது. மயிரிழையில் தப்பிய ஓர் அனுபவத்தை ஒருவர் மற்றவரிடம் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு வேலை தரப்பட்டது: பேசுகிறவர் குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் ஒரு சொல் விடாமல் காதில் வாங்கினார்கள். கதையின் போக்கில்தான் மனம் நிற்கவில்லை. இதன் விளைவு கேட்டவர்களோடு நிற்கவில்லை, சொன்னவர்களின் பேச்சே கெட்டுப்போயிற்று. அதிலும் கதையின் உச்சத்தில்தான் அவர்கள் மிகவும் தடுமாறினார்கள். முடிவைச் சட்டென்று சொல்லி நிறுத்தினார்கள், அல்லது சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள், இதை ஏன் சொல்கிறேன் என்று விளக்கம் கொடுக்கவும் தொடங்கினார்கள். தம்பி பேசியதை வரிக்கு வரி திருப்பிச் சொல்ல முடியும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் சொற்களைப் பிடித்துக்கொண்டீர்கள். அவருக்கோ, சொல்ல வந்ததை முழுவதுமாகச் சொல்லவே வாய்க்கவில்லை.

உங்கள் வீட்டில் நடந்த பேச்சு எனக்குத் தெரியாது, ஊகித்துத்தான் எழுதுகிறேன். "நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியவில்லை, அக்கா" என்று அவர் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டதும் தெரிந்த நிறுவனங்களின் பெயர்களும், விண்ணப்பத்தைத் திருத்தி எழுதும் யோசனையும், உங்களுக்கே ஒருமுறை வேலை போகவிருந்த கதையும் உங்கள் நாவின் நுனிக்கு வந்திருக்கும். சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979-இலேயே இந்த வகைப் பேச்சைப் பிரித்துக் காட்டினார்: ஒருவர் சொன்னதைப் பற்றிக்கொண்டு "எனக்கும் அப்படித்தான்" என்று பேச்சைத் தம் பக்கம் திருப்பிக்கொள்ளும் மறுமொழி ஒன்று, அவரையே மேலும் பேச வைக்கும் மறுமொழி மற்றொன்று. முதல் வகையை நாம் அன்பு மிகுதியால்தான் செய்கிறோம், ஆனாலும் பேச்சு கைமாறிவிடுகிறது. "வீட்டில் சொல்லிவிட்டாயா?" என்று மட்டும் நீங்கள் கேட்டிருந்தால், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்பதும், காலையில் வழக்கம்போலக் கிளம்பி வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பதும் அப்போது வெளியே வந்திருக்கலாம். வேலை தேடும் வழிகள் அவருக்குத் தெரியாதவை அல்லவே. அவமானத்தை எங்கே இறக்கி வைப்பது என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும்.

ஆகையால் பழக வேண்டியது ஒன்றுதான், அது எளிதும் அன்று: பதில் மனத்தில் எழும்போது அது எழுந்ததைக் கவனித்து, அதை அங்கேயே இருக்க விட்டு, மீண்டும் பேசுகிறவரிடம் திரும்புவது. தடுத்தாலும் அது எழும், ஆகவே அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் பேச்சை நிறுத்தியதும் நீங்கள் உடனே தொடங்காமல் மூச்சு ஒன்று விடும் நேரம் பொறுங்கள். முதலில் வரும் வாக்கியம் பெரும்பாலும் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்ததாக இருக்கும். பொறுத்தால் அடுத்து வருவது அந்த இடத்தில் பிறப்பது. நடுவில் உங்கள் கவனம் சிதறினால் தலையை ஆட்டிச் சமாளிக்காமல், "கடைசியாகச் சொன்னதைத் தவறவிட்டுவிட்டேன், மறுபடி சொல்" என்று கேட்டுவிடுங்கள். கேட்கிறோம் என்று நடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். யோசனை வேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா என்று நேரடியாகக் கேட்பதிலும் தவறில்லை. சிலர் உண்மையிலேயே வழி கேட்டுத்தான் வருகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர்களான கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-இல் எழுதிய சிறு நூலிலிருந்து இந்த வகைக் கேட்டல் பரவலாயிற்று. இன்று பயிற்சி வகுப்புகளில் அது, "அப்படியென்றால் நீ சொல்ல வருவது என்னவென்றால்" என்று எதிராளியின் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் உத்தியாகச் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த உத்தியின் மீது அவ்வளவு பிடிப்பு இல்லை. உங்களுக்குப் புரிந்தது சரிதானா என்று ஐயம் வரும் இடத்தில் உங்கள் சொந்தச் சொற்களில் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் அதைச் செய்தால், உடன்பிறந்தவருக்கு எரிச்சல்தான் வரும்.

தம்பியிடம் நீண்ட மன்னிப்பு எதுவும் வேண்டாம். அதுவும் உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அன்றைக்கு நான்தான் அதிகம் பேசினேன். நீ சொல்ல வந்ததை இப்போது சொல்" என்று சொன்னால் போதும். "ஒன்றுமில்லை, விடு" என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி கூப்பிடுங்கள்.

சமூக ஊடகத்தை விட்டுவிட வேண்டியதில்லை. அங்கே நெருக்கமானவர் ஒருவர் மனம் உடைந்து எழுதினால், கருத்துப் பெட்டியில் எழுதுவதற்குப் பதிலாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 2017-இல் வெளியான உளவியலாளர் மைக்கேல் கிரௌஸின் ஆய்வில், முகமும் குரலுமாகக் கவனித்தவர்களைவிடக் குரலை மட்டும் கேட்டவர்கள் எதிராளியின் உணர்ச்சியைச் சரியாக இனங்கண்டார்கள். எனவே நேரில் போக முடியவில்லையே என்று தயங்க வேண்டாம். அப்போது பேச நேரமில்லை என்றால், இதயக் குறி ஒன்றை அனுப்புவதைவிட, "இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று எழுதிவிட்டு, சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுங்கள். குரல் பதிவை அதன் வேகத்திலேயே கேளுங்கள்.

எல்லோருடைய துயரத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். முகமறியாத நூறு பேருக்கு வரி வரியாக ஆறுதல் எழுதிக் களைத்துப்போனால், வீட்டுக்குள் வந்து உட்காருகிறவருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. நல்ல மனசுக்காரி என்ற பெயர் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. இனி உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பொருளில் யாராவது எழுதினாலோ பேசினாலோ, முன்பின் தெரியாதவராயினும், தாண்டிப் போகாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதை மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த நிலையில் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் போதாது. அவருடைய குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லி, மருத்துவரிடமோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ அவரைச் சேர்ப்பித்து, அதுவரை அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.