அக்காவிடம் கேளுங்கள்: தேவாலய மண்டபத்தில் இரவுக் கடமை

கேள்வி: எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தைத் தஞ்சம் கோரி வந்த குடும்பங்கள் இரவில் தங்குவதற்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கோலா, உகண்டா, நைஜீரியா என்று பல நாட்டவர்கள், சிறு பிள்ளைகளோடு. சனிக்கிழமை இரவுகளில் உதவிக்கு வர முடியுமா என்று கேட்கிறார்கள். எனக்கு விருப்பம்தான். ஆனால் அவர்களோடு என்ன பேசுவது என்று பயமாக இருக்கிறது. என் கணவரோ, "நாங்கள் யுத்தத்தால் வந்தோம், இவர்கள் பொய் சொல்லி வருகிறார்கள்" என்கிறார்.
— வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: கட்டாயம் போங்கள், தங்கச்சி. பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே வருபவர்களுக்கு முதலில் வேண்டியது தூக்கம்.

மருத்துவமனையில் இரவுக் கடமை பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். இப்போது இப்படியொரு மண்டபத்தில் விழித்திருக்கிறேன். பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் உதவிக்கு வந்தவர்களாகிய நாங்கள்தான். சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டு கதைப்போம், கதவை அடித்துச் சாத்துவோம், எதையோ தேடி மண்டபத்தின் பெரிய விளக்கைப் போடுவோம். மெல்லிய அடியுள்ள செருப்பும் கைவிளக்கும் கொண்டுபோங்கள். கழிவறைப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு விடியும்வரை எரியட்டும்.

"ஏன் வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கதையை அவர்கள் எல்லை அதிகாரியிடம் சொல்லி, படிவத்தில் எழுதி, சட்டத்தரணியிடம் திருப்பிச் சொல்லியிருப்பார்கள். நாளை, கோரிக்கையைத் தீர்மானிக்கும் குடிவரவு அகதிகள் சபையின் முன்னும் சொல்ல வேண்டும். ஒரு திகதி மாறினாலும் நம்பகத்தன்மை போய்விட்டது என்று கோரிக்கையை நிராகரிக்கலாம். எங்களுடைய ஆவல் அந்தப் பாரத்தில் மேலும் ஒன்றை ஏற்றக் கூடாது. "இப்படிச் சொன்னால் கிடைக்கும்" என்று ஆலோசனையும் வேண்டாம், அது சட்டத்தரணியின் வேலை. பணமில்லாதவர்களை ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்புக்கு வழிகாட்டுங்கள்.

பிள்ளையிடம் நேரே பிஸ்கட்டை நீட்டாதீர்கள், தாயிடம் கொடுங்கள். எங்கே படுப்பது, எப்போது வெளியேறுவது என்று எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானிக்கும் இடத்தில், தன் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதையாவது அவள் தீர்மானிக்கட்டும். பால் சூடாக்க அடுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு விலகி நில்லுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் தொழுகைக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். ஞாயிறு ஆராதனைக்கு வரும்படி அழைக்க வேண்டாம். படுக்கை தந்தவர்கள் அழைத்தால் மறுக்க அவர்களுக்குத் துணிவு வராது. புகைப்படம் அறவே கூடாது. அவர்களைத் தேடுகிறவர்கள் ஊரில் இருக்கலாம்.

எப்போதும் இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். பிள்ளையோடு எவரும் தனித்திருக்கக் கூடாது. பொலிஸ் பின்னணிச் சான்றிதழ் கேட்பார்கள், கோபப்படாதீர்கள். நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 811க்கு அழைத்துத் தாதியிடம் கேட்கலாம். மூச்சு வாங்கினால் உடனே அவசர எண் 911. ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளையை வைத்துத் தாயின் நோயை விசாரிக்காதீர்கள், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

மிகக் கடினமான நேரம் விடிகாலைதான். மண்டபம் வேறு நிகழ்ச்சிக்குத் தேவை என்பதால் மெத்தைகளைச் சுருட்டி, பைகளோடு குடும்பங்களை வெளியே அனுப்ப வேண்டும். எனக்கு இன்னும் இது பழகவில்லை. அந்த நாளில் எந்த நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். பிள்ளைகளின் சப்பாத்தும் காலுறையும் காய்ந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். குடிவரவு நிலையைக் காட்டி எந்தப் பிள்ளையையும் பாடசாலையில் சேர்க்க மறுக்க முடியாது என்பது ஒன்ராறியோ சட்டம். பல பெற்றோருக்கு இது தெரியாது, சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவருக்கு. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள், மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது பிறகு தெரிந்தது. "பொய்யர்கள்" என்று இந்த நாட்டில் பலர் கொதித்தார்கள். வந்த வழியைப் பயத்தில் மறைத்தார்கள், ஆனால் ஊரில் யுத்தம் உண்மை. கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் தஞ்சம் கோரி வந்தபோது தாய்மாரும் பிள்ளைகளும்கூடத் தடுப்பில் இருந்தார்கள். எங்களைப் பற்றிச் சொன்ன அதே சொல்லை இன்னொருவர் மீது எறிய எங்களுக்கு எப்படி மனம் வருகிறது? 2023 கோடையில் தஞ்சம் கோரிய ஆபிரிக்கர்கள் ரொறன்ரோ நகர மையத்தில், பீற்றர் வீதி நடைபாதையில் படுத்திருந்தார்கள். மாநகரமும் மத்திய அரசும் செலவு யாருடையது என்று தர்க்கித்துக்கொண்டிருக்க, நோர்த் யோர்க்கில் கறுப்பினத்தவரின் தேவாலயங்கள்தான் முதலில் கதவைத் திறந்தன. முடிந்தால் ஒரு சனிக்கிழமை அவரையும் அழைத்துப் போங்கள். மெத்தை தூக்க ஆள் தேவை.

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கான 40 மணிநேரத் தொண்டை இப்படியொரு இடத்தில் செய்யலாமா?
— மாணவன், மார்க்கம்

பதில்: இரவில் வேண்டாம், தம்பி. மாலையில் போங்கள். நன்கொடையாக வரும் பனிக்கால சப்பாத்துகள் சோடி பிரிந்து குவிந்து கிடக்கும். அவற்றைச் சோடி சேர்த்து, அளவு எழுதி அடுக்கிவையுங்கள். பிள்ளைகளோடு பந்து விளையாடுங்கள். மணிநேரப் படிவத்தில் யார் கையொப்பமிடுவார் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.