ஜனவரியில் பார்த்த தரங்கம்பாடி

கேள்வி: பொங்கல் விடுமுறைக்குத் தரங்கம்பாடி போயிருந்தோம். கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடியேற ஆசை. மனைவி தயங்குகிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஈரோட்டு வீட்டை இப்போதைக்கு விற்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள்.

உங்கள் ஆசையில் தப்பே இல்லை. 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டையும், ராஜ வீதியின் அமைதியும் எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் நீங்கள் போனது மழை ஓய்ந்து, வெயில் ஏறாத மாதம். ஐப்பசி, கார்த்திகையில் போய் ஒரு மாதமாவது தங்குங்கள். வாடைக்காற்று வீசும்போது ராத்திரி முழுக்க அலைச் சத்தம். புயல் என்றால் படகுகள் கடலுக்குப் போகாது, மின்சாரமும் இருக்காது. கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நீங்கள் பார்த்த பாறாங்கற்கள் மிச்சத்தைக் காப்பாற்றப் போட்டவை.

அப்புறம் உப்புக்காற்று. நான் நான்கு வருடம் ஒரு கடலோர ஊரில் குடியிருந்தேன். முதல் வருடமே சைக்கிள் செயின் இறுகிப்போனது. மூன்றாம் வருடம் ஜன்னல் கொக்கி கையோடு வந்துவிட்டது. அதனால் கடல் தெரிகிற வீடுதான் வேண்டும் என்று நிற்காமல், சில தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கோடையில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இடம் வாங்கிக் கட்டுவதாக இருந்தால், கரையிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் கட்டுப்பாடு உண்டு. அனுமதி கிடைக்குமா என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் காரைக்கால், 15 கிலோமீட்டர். மயிலாடுதுறை அதைவிடத் தூரம். உங்கள் மனைவியின் தயக்கம் இதுவாகக்கூட இருக்கலாம், கேளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறும் என்பது உங்கள் கஷ்டம். படகில் கூலிக்குப் போகிறவர், ஐஸ் உடைப்பவர், கூடை சுமக்கும் அம்மா எல்லோருக்கும் அது வருமானம் இல்லாத காலம். கடைக்காரர் கடனுக்கு அரிசி கொடுப்பார். அந்த இரண்டு மாதமும் அங்கே இருந்து பாருங்கள். ஊர் உங்களுக்குப் பழகும், நீங்களும் ஊருக்குப் பழகுவீர்கள்.

விடிகாலையில் ஏலம் நடக்கும் இடத்தில் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். அங்கே நிமிடம்தான் காசு. ஓரமாக நின்று, கூட்டம் கலைந்தபின் “இன்னைக்குப் பாடு எப்படிண்ணே?” என்று கேளுங்கள், பேசுவார்கள். பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். சுனாமியைப் பற்றி மட்டும் நீங்களாகக் கேட்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அந்தக் கரையில் பல வீடுகளில் ஆளைக் கொண்டுபோன நாள். அவர்களே ஒருநாள் சொன்னால், உட்கார்ந்து கேளுங்கள்.