அப்பாவுக்கு மூட்டுவலி, நாய்க்குத் தெருதான் கழிப்பறை: என்ன செய்யலாம்?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மூன்று வயது லேப்ரடார் வளர்க்கிறோம். காலையில் அப்பாதான் அதை வாக்கிங் கூட்டிப் போவார். அவருக்கு 68 வயது, மூட்டுவலி, குனிய முடியாது. தெரு ஓரத்திலோ பக்கத்துக் காலி மனையிலோ நாய் போனதை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிறார். கேட்டால் "தெருநாயும்தான் போகுது, மண்ணுக்கு எருதானே" என்கிறார். இப்போது அசோசியேஷனில் 500 ரூபாய் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பைக்கும் தடை. எதில் அள்ளுவது, எங்கே போடுவது, அபராதம் கட்டத்தான் வேண்டுமா?

கால்நடை மருத்துவர் பதில்:

அப்பாவின் எருக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அவர் மனம் மாறாமல் என்ன கருவி வாங்கிக் கொடுத்தாலும் அது கதவுக்குப் பின்னால்தான் கிடக்கும்.

மாட்டுச் சாணம் எருவாவது உண்மைதான். மாடு தின்பது புல்லும் வைக்கோலும். வெளியே வருவதில் பெரும்பகுதி செரிக்காத நார். அதைக்கூட நம் விவசாயிகள் குப்பைக்குழியில் மாதக்கணக்கில் மக்கவைத்துத்தான் வயலுக்குக் கொண்டுபோனார்கள். நாய் தின்பது இறைச்சி, முட்டை, மீன், கடையில் வாங்கும் நாய் உணவு. அதன் குடலில் மனிதருக்கும் தொற்றக்கூடிய கிருமிகளும் புழுக்களும் இருக்க முடியும். தெரு ஓரத்தில் கிடக்கும் மலத்துக்குக் கிருமி சாகிற அளவு சூடு ஏறி மக்கும் வாய்ப்பும் கிடையாது. காய்ந்து, மிதிபட்டு, தூளாகி, கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்போதுதான் அது அதிக ஆபத்து. அப்பாவிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நாய்களுக்கு வரும் உருண்டைப்புழு ஒன்று உண்டு, டாக்ஸோகாரா என்று பெயர். மலத்தோடு வெளியேறும்போது அதன் முட்டைகள் யாருக்கும் தொற்றாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து, உள்ளே புழுக்குஞ்சு வளர்ந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். வந்துவிட்டால் ஈரமான நிழல் மண்ணில் வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடிய குழந்தை கையைக் கழுவாமல் வாயில் வைத்தால் முட்டை உள்ளே போய்ப் பொரிக்கும். அந்தப் புழுக்குஞ்சு கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகலாம், அரிதாகக் கண்ணுக்குப் போய்ப் பார்வையையே கெடுக்கலாம். கொக்கிப்புழு இன்னும் வேகம். நம் ஊர் சூட்டில் அதன் முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் வெறும் தோலைத் துளைத்து ஏறும் நிலைக்கு வந்துவிடும். வெறுங்காலோடு நடந்தவருக்குப் பாதத்தில் சிவப்பாக, கோடு போட்டதுபோல் வளைந்து வளைந்து போகும் அரிப்பு வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கடற்கரை மணல், குழந்தைகளின் விளையாட்டு மணல், கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் எல்லாம் இதற்குத் தோதான இடங்கள்.

ஆக, போன கையோடு அள்ளிவிட்டால் இந்த இரண்டு புழுக்களின் கதையும் அங்கேயே முடிகிறது. மண்ணில் கிடக்க விடுவதுதான் அவற்றுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். அள்ளுகிறவருக்கும் புதிதாக இருக்கும்போது ஆபத்து குறைவு. ஆனால் சால்மொனெல்லா, ஜியார்டியா போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் உடனேயே தொற்றக்கூடியவை. அதனால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வழியில் டீ, வடை வேண்டாம்.

தெருநாய் போவதும் உண்மை. அதற்கு வைத்தியம் பார்க்கவோ புழு மாத்திரை கொடுக்கவோ பெரும்பாலும் ஆள் இல்லை. உங்கள் நாய்க்கு நீங்கள் இருக்கிறீர்கள். இன்னொன்றையும் அப்பா யோசித்துப் பார்க்கட்டும். அவர் விட்டுவிட்டு வருவது காற்றில் கரைவதில்லை. காலை ஏழு மணிக்குத் தெருவைப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர் அதைத் துடைப்பத்தால் தள்ளி, பல நேரம் சரியான கையுறைகூட இல்லாமல் அள்ளுகிறார். நான் இதை எல்லாவற்றுக்கும் மேலான காரணமாக நினைக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளையாக வளர்க்கும் நாயின் மலத்தை இன்னொருவர் கை தொட வேண்டிய அவசியமே இல்லை. அவர் கண்ணுக்குத் தப்பியது மழையில் அடித்துப்போய் மழைநீர் வடிகாலில் சேரும். அந்த வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போய்க் கடலில் கலக்கிறது. சிலர் காலால் வடிகால் ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, சுத்தம் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது சுத்தம் இல்லை.

சரி, குனியாமல் எப்படி அள்ளுவது?

நீளக் கைப்பிடி வைத்த குப்பை முறமும் அதற்கு ஜோடியான சின்னத் துடைப்பமும் பாத்திரக்கடைகளில் கிடைக்கும். நின்றபடியே தள்ளி ஏந்திவிடலாம். நாய்களுக்கென்றே விற்கும், விசையை அழுத்தினால் வாய் திறந்து மூடும் நீளக்கரண்டிகளும் உண்டு. அதைவிட எளிய வழி செய்தித்தாள். மலம் கழிக்கப்போகும் நாய் மோப்பம் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, பின்காலை மடக்கி உட்காரும். அந்த நேரத்தில் இரண்டு மடிப்புத் தாளை ஒரு குச்சியால் பின்னால் தள்ளிவிட்டால் மலம் தாளிலேயே விழும், தரையில் படாது. முதல் சில நாள் நாய் திரும்பிப் பார்த்து எழுந்துவிடும். திட்டக் கூடாது, பழகிவிடும். விழுந்த தாளை முறத்தில் தள்ளிக்கொள்ளலாம். முறத்தின் உள்ளே முன்கூட்டியே ஒரு தாள் விரித்துவைத்தால் முறம் கழுவும் வேலையும் குறையும்.

ஆனால் ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் முறம் என்றால் சிரமம். லேப்ரடார் 30 கிலோ இருக்கும். பூனையைக் கண்டு இழுத்தால் மூட்டுவலிக்காரர் விழுந்துவிடுவார். இடுப்பில் கட்டும் வார் வேண்டவே வேண்டாம். அதனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு வழி: நாய் வாக்கிங்குக்கு முன்பே போய்விட்டு வரட்டும்.

சாப்பிட்டதும் குடல் அசையத் தொடங்குவது நாயின் உடல் இயல்பு. பல நாய்களுக்குச் சாப்பாடு முடிந்து கால்மணி, அரைமணி நேரத்தில் முடுக்கு வரும். ஒரு வாரம் உங்கள் நாயின் நேரத்தைக் கவனியுங்கள். அப்புறம் உங்களில் குனிய முடிந்த ஒருவர் அந்த நேரத்துக்கு அதைச் சங்கிலியோடு ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பால்கனியிலோ, எல்லோரும் ஒத்துக்கொண்டால் வளாகத்தின் ஒரு மூலையிலோ, மண்ணோ தேங்காய் நாரோ நிரப்பிய அகலத் தட்டு போதும். அதன் சொந்த மலத்தில் துளியை முதல் நாள் அந்தத் தட்டில் வைத்தால் வாசனை பிடித்துக்கொள்ளும். அது உட்காரும்போது ஒரே சொல்லை, "கக்கா போ" என்றோ வேறெதுவோ, அமைதியாகச் சொல்லுங்கள். முடித்ததும் உடனே ஒரு துண்டு தீனி. வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. அதைவிட முக்கியம், முடித்த பிறகுதான் வாக்கிங். பலர் தெருவில் சுற்றிவிட்டு, நாய் போன உடனே வீட்டுக்குத் திருப்பி இழுத்து வருகிறார்கள். போனால் உலாத்தல் முடிந்துவிடும் என்று நாய் புரிந்துகொண்டு அடக்கிவைக்கும். நீங்கள் வரிசையை மாற்றுங்கள். சில வாரம் பொறுமையாகச் செய்தால் மூன்று வயது நாயும் கற்றுக்கொள்ளும். அதன் பிறகு அப்பா முறத்தை அவசரத்துக்கு மட்டும் எடுத்துப் போனால் போதும்.

பை விஷயம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. இதற்காகப் புதுப் பை தேடி அலைய வேண்டாம். வீட்டுக்கு ஏற்கெனவே வந்த ரொட்டி கவர், ஆட்டா மாவு கவர், பருப்பு கவர் எல்லாம் குப்பைக்குத்தானே போகிறது? ஓட்டை இல்லாததாகப் பார்த்து எடுத்துவையுங்கள். குனியக்கூடியவர் அதைக் கையுறைபோல் கையில் மாட்டி, அள்ளி, அப்படியே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி முடிச்சுப் போடலாம். "மக்கும் பை" என்று விற்பவையும் இருக்கின்றன. அவற்றில் பலவும் தொழிற்கூட உரக்கிடங்கின் சூட்டில்தான் மக்கும். தொட்டியிலோ தெருவிலோ சும்மா கிடந்து மக்காது. முடிச்சுப் போட்ட பையை மரத்தடியில் வைத்துவிட்டு வருவது, அள்ளாமல் விட்டதைவிட மோசம்.

கொண்டுவந்ததை எங்கே போடுவது? வீட்டுக் கழிப்பறைதான் சரியான இடம். மலத்தை மட்டும் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பை, தாள், கல், மண் எதுவும் கூடப் போகக் கூடாது. மனிதக் கழிவு போகும் வழியிலேயே இதுவும் போகும். அழுக்கான கவரையும் தாளையும் இன்னொரு தாளில் இறுக்கிச் சுற்றி, டயப்பர், நாப்கின் போடும் குப்பையோடு தனியாகக் கொடுங்கள். காய்கறிக் கழிவு இருக்கும் ஈரக்குப்பையில் போடாதீர்கள், அதைக் கையால் கிளறிப் பிரிக்கிறார்கள். தனி வீட்டுக்காரர்கள் என்றால் ஓர் அடிக்குக் குறையாத குழி தோண்டிப் புதைக்கலாம். கிணறு, போர்வெல், கீரைப்பாத்தி பக்கத்தில் மட்டும் வேண்டாம். மாடித்தோட்ட உரத்தொட்டியில் போடுவது கூடவே கூடாது.

பேதியாகப் போனால் அள்ள வராது. தண்ணீரை ஊற்றிவிட்டால் பரவத்தான் செய்யும். உலர்ந்த மண்ணோ மரத்தூளோ சாம்பலோ தூவி, ஊறிக் கெட்டியானதும் முறத்தில் வழித்தெடுங்கள். சிமெண்டுத் தரை என்றால் பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியாக ப்ளீச்சிங் கரைசல். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் அதன் வேகம் அழுக்கோடு தீர்ந்துவிடும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் இருக்கும். அதைக் கொல்ல ப்ளீச் வேண்டும், பினாயிலை நம்ப முடியாது. ப்ளீச்சோடு ஆசிட், பினாயில் எதையும் கலக்காதீர்கள். சிறுநீர் இருக்கும் இடத்திலும் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் ப்ளீச் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூச்சை அடைக்கும் வாயு வரும். சிறுநீருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாலே அக்கம்பக்கத்தில் பாதிச் சண்டை வராது. எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரில்தான் வரும், ஆகவே நாய்க்கு அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறவிடாதீர்கள்.

அள்ளுவதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. அள்ளும்போது பார்ப்பீர்கள். அரிசி மணிபோல் வெள்ளையாக நெளிந்தால் நாடாப்புழு, கூடவே பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியும் இருக்கும். தார்போல் கறுத்துப் போனால் குடலின் மேல்பகுதியில் ரத்தக் கசிவு இருக்கலாம். சிவப்பு ரத்தமோ சளியோ தெரிந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. சிறிதளவு புது மலத்தை மூடிபோட்ட டப்பாவில் அன்றே மருத்துவரிடம் கொடுத்தால் நுண்ணோக்கியில் முட்டை பார்த்துச் சொல்லிவிடுவார். வெளியே சுற்றும் பெரிய நாய்க்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

இனி அபராதம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், மத்திய அல்லது மாநிலச் சட்டம் இல்லாத நிலையில் குடியிருப்போர் சங்கங்கள் இதற்காகத் தாங்களே விதி போட்டு அபராதம் வசூலிக்க முடியாது, வேண்டுகோள் மட்டும் வைக்கலாம் என்று இருக்கிறது. நாய் வளர்க்கவே கூடாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சங்கம் சொல்ல முடியாது. அதே வழிகாட்டுதல், பொது இடத்தில் நாய் போனதைச் சுத்தம் செய்யும்படி வளர்ப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறது. உள்ளாட்சி அமைப்பு தன் விதிப்படி விதிக்கும் அபராதம் என்றால் அது வேறு, கட்டத்தான் வேண்டும். மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், சென்னையில் அது கட்டாயம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிடைக்காது.

ஆனாலும் 2015 தாளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் பக்கம் தப்பு இருக்கிறது, அவர்கள் கோபம் நியாயமானது. நியூயார்க்கிலேயே 1978-இல் சட்டம் வரும்வரை நாய் போனதை அப்படியே விட்டுப் போவதுதான் வழக்கம். இது எங்கேயும் தானாக வந்த பழக்கம் இல்லை. இனி அள்ளிவிடுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, பதிலுக்கு இரண்டு வசதி கேளுங்கள்: கேட் அருகே மிதித்துத் திறக்கும் மூடிபோட்ட தொட்டி ஒன்று, முறம் கழுவவும் கை கழுவவும் ஒரு குழாய். வளாகத்தில் நாய் வளர்க்கும் மற்ற வீடுகளையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் கிடைக்கும். குழந்தைகள் விளையாடும் மணல் இருந்தால் இரவில் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள், பூனையும் அங்கேதான் போகும். காலி மனையில் இதுவரை விட்டுவந்ததை, காய்ந்திருந்தாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை கையுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு நீங்கள் போய் அள்ளிவிடுங்கள்.