வெளிநாட்டுப் பயணத்துக்கு இ-சிம்: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ரோமிங் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ரோமிங் என்றால் நம்ம சிம் வெளியூரில் வேறு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஓடுவது. இ-சிம் என்றால் கையில் எடுத்துப் போடும் அட்டை இல்லாமல், பெரும்பாலும் ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போனுக்குள் ஏற்றும் சிம். கேட்பவர்கள் எந்த நாடு, எத்தனை நாள், என்ன போன் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். அது தெரிந்தால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

கோவையிலிருந்து: சார், குடும்பத்தோடு நாலு பேர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலேசியா போகிறோம். மொத்தம் ஒரு வாரம். ஆளுக்கு ஒரு இ-சிம் வாங்க வேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் எல்லையைப் பாருங்கள். சிங்கப்பூருக்கு மட்டும் வாங்கிய பிளான் மலேசிய எல்லை ஊரான ஜோகூர் பாரு போனதும் நின்றுவிடும். குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டு அடுத்த பஸ் எது, ஓட்டல் எங்கே என்று தேடும் நேரத்தில்தான் அது தெரியவரும். இரண்டு நாட்டுக்கும் சேர்ந்த தென்கிழக்கு ஆசியப் பிளான் வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் வழியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது, அந்த இ-சிம் எந்த நெட்வொர்க்கில் ஓடுகிறது என்பது. இவற்றை விற்பவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தமாக டவர் கிடையாது. சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மலேசியாவில் மேக்சிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல் என்று யாரோ ஒருவருடைய டவரில்தான் ஏறுவார்கள். அதைப் பிளான் விவரத்திலேயே போட்டிருப்பார்கள். ஒரு நாட்டுக்கு இரண்டு நெட்வொர்க் போட்டிருந்தால் நல்லது. மலேசியாவின் கேமரன் மலை மாதிரி இடங்களுக்குப் போகும்போது ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும்.

மூன்றாவது, செல்லுபடி நாள் எப்போது தொடங்குகிறது? சிலவற்றில் வாங்கிய நேரத்திலிருந்து, சிலவற்றில் போனில் ஏற்றியதிலிருந்து, சிலவற்றில் அந்த நாட்டு நெட்வொர்க்கை முதலில் தொட்டதிலிருந்து. கடைசி வகையை வாங்கினால் ஊரிலேயே நிதானமாக ஏற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு ஜிபி என்ன விலை என்பதை இத்தனையும் பார்த்த பிறகு பாருங்கள்.

நாலு பேருக்கு இரண்டு போனில் இருந்தால் போதும், மற்ற இருவருக்கும் ஹாட்ஸ்பாட் கொடுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று மட்டும் விவரத்தில் பார்த்துவிடுங்கள். ஒரே போனை நம்பிப் போகாதீர்கள். அந்தப் போனில் சார்ஜ் தீர்ந்தால் நாலு பேரும் மாட்டிக்கொள்வீர்கள்.

மதுரையிலிருந்து: அண்ணே, இ-சிம் போட்டால் நம்ம ஊர் நம்பருக்கு வங்கி ஓடிபி வருமா?

வரும். நம்ம ஊர் சிம்மைக் கழற்றாமல், அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே அந்த நம்பரில் சர்வதேச ரோமிங் சேவையை இயக்கிவிடுங்கள். ப்ரீபெய்டு என்றால் ரீசார்ஜ் நடுவழியில் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு, தெரியாத நம்பர்களை எடுக்காதீர்கள்.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று: ஊர் சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும், பயண இ-சிம்மில் டேட்டா ரோமிங் இயங்க வேண்டும். ஐபோனில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு சிம்மில் டேட்டா சரியாக இல்லையென்றால் தானாகவே மற்ற சிம்முக்குத் தாவும். அதையும் அணைத்துவிடுங்கள். பில் எகிறிப்போனதாக வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு பொத்தான்களில்தான் வந்து நிற்கும்.

திருநெல்வேலியிலிருந்து: என் போனில் இ-சிம் வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அழைப்புத் திரையில் *#06# அடியுங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி என்று 32 இலக்க எண்ணும் வந்தால் இ-சிம் உண்டு. ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இருக்கிறது. ஆனால் சீனாவில் விற்கும் பெரும்பாலான ஐபோன்களிலும் ஹாங்காங்கில் விற்கும் பல மாடல்களிலும் இரண்டு சாதா சிம்தான் போட முடியும். யாராவது அங்கிருந்து வாங்கி வந்து கொடுத்த போன் என்றால் கட்டாயம் சோதியுங்கள். அமெரிக்காவில் தவணையில் வாங்கிய போன் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருக்கலாம். அதில் வேறு எந்த இ-சிம்மும் ஏறாது.

சென்னையிலிருந்து: பயண இ-சிம் வாங்க ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆப்களை எல்லோரும் சொல்கிறார்கள். ஆப் ஸ்டோரில் தேடினால் கிடைக்கவில்லையே?

2024 ஜனவரியில் அரசு உத்தரவின்பேரில் அந்த இரண்டு ஆப்களையும் இந்தியாவுக்கான ஆப் ஸ்டோரிலிருந்தும் பிளே ஸ்டோரிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் சிம்மை இந்தியாவில் விற்க தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு நம்பர்களை வைத்து இணைய மோசடிகள் நடந்ததும் ஒரு காரணம். அனுமதி பெற்று இங்கே விற்பவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் பயண விவரமும் கேட்பார்கள், கேட்பது நல்ல அடையாளம்தான்.

துருக்கி போகிறவர்களும் கவனியுங்கள். 2025 ஜூலையில் அங்கே பல இ-சிம் விற்பனைத் தளங்களை முடக்கினார்கள். இஸ்தான்புல்லில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: எந்த இ-சிம் நல்லது சார்?

நாடு, நாள், போன் மூன்றையும் எழுதுங்கள்.

சேலத்திலிருந்து: வியாபார விஷயமாக குவாங்சோ போகிறேன். அங்கே வாட்ஸ்அப், கூகுள் எதுவும் வராது, தடையைச் சுற்றிப் போக விபிஎன் ஆப் போட்டுக்கொண்டு வா என்கிறார்கள். இ-சிம் வாங்கிப் பிரயோசனம் உண்டா?

உண்டு. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், இது என் வேலையாக இருந்த விஷயம்.

ரோமிங்கில் இருக்கும் போன் அந்த ஊர் டவரோடுதான் பேசும். ஆனால் அதன் டேட்டா பெரும்பாலும் அந்த ஊரில் இணையத்துக்குள் நுழைவதில்லை. டவரிலிருந்து ஒரு மூடிய குழாய் வழியாக, சிம் எந்த நிறுவனத்துடையதோ அந்த நிறுவனத்தின் வாசலுக்குப் போய், அங்கேதான் இணையத்துக்குள் நுழையும். இதற்கு ஹோம் ரூட்டிங் என்று பெயர். நீங்கள் நிற்பது குவாங்சோவில், ஆனால் ஹாங்காங் நிறுவனத்தின் சிம் என்றால் இணையத்தின் கண்ணுக்கு நீங்கள் ஹாங்காங்கில் இருக்கிறீர்கள். சீனாவின் தடுப்புச் சுவர் அந்நாட்டு இணையத்தின் எல்லையில் இருக்கிறது. இந்தக் குழாய் அந்த வழியாகப் போவதில்லை. அதனால் வாட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் திறக்கும்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: தவறான தகவல் கொடுக்கிறீர்கள். நான் ஷாங்காய் போயிருந்தபோது ஓட்டலில் கூகுள் திறக்கவே இல்லை. சீனாவில் எல்லாமே தடைதான்.

ஓட்டலில் வைஃபையில் இருந்தீர்களா, மொபைல் டேட்டாவிலா? வைஃபை என்றால் அது சீன இணையம், தடை இருக்கத்தான் செய்யும். நான் சொல்வது ரோமிங் டேட்டாவைப் பற்றி. வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

அவரே: வைஃபைதான். ஆனால் நண்பர் அங்கேயே சிம் வாங்கினார், அதிலும் வரவில்லை.

அங்கே கடையில் வாங்கியது சைனா மொபைல், சைனா யூனிகாம், சைனா டெலிகாம் மூன்றில் ஒன்றாக இருந்திருக்கும். அந்த சிம்முக்கு வீடே சீனாதான், குழாய் எங்கே போகும்? அதனால்தான் சீனாவுக்கு உள்ளூர் சிம்மைவிட வெளியிலிருந்து வாங்கிய பயண இ-சிம் வசதி என்கிறேன்.

திருச்சியிலிருந்து: அப்படியென்றால் என் ஊர் நம்பரிலேயே ரோமிங் பேக் போட்டாலும் கூகுள் வரும் அல்லவா? எதற்கு இ-சிம்?

சரியாகப் பிடித்தீர்கள், வரும். அப்போது உங்கள் வாசல் இந்தியாவில் இருக்கும். இந்தியாவில் தடை செய்தது அங்கேயும் தடைதான். 2020-இல் தடை செய்த டிக்டாக் சீன மண்ணில் நின்றாலும் இந்திய சிம்மில் திறக்காது. இரண்டு மூன்று நாள் பயணம், நம்பரில் அழைப்பும் வர வேண்டும் என்றால் ரோமிங் பேக் போடுங்கள், தப்பில்லை. நாள் கூடக்கூட இ-சிம் விலையில் ஜெயிக்கும்.

சென்னையிலிருந்து அதே நண்பர்: அப்போது இ-சிம் வேகமாக இருக்கும் என்று விற்பவர்கள் சொல்வது பொய்தானே? டேட்டா ஊர் சுற்றித்தானே வருகிறது?

இந்தக் கேள்வி நியாயமானது. பாரிஸில் நிற்கிறீர்கள், வாங்கிய இ-சிம்மின் வாசல் ஹாங்காங்கில் இருக்கிறது என்றால் ஒவ்வொரு கோரிக்கையும் அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். கால் வினாடி அளவுக்குத் தாமதம் சேரும். மேப் பார்க்க, செய்தி அனுப்ப அது உறைக்காது. வீடியோ அழைப்பில் உறைக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. சாட்ஜிபிடி ஹாங்காங்கில் சேவை தருவதில்லை, அதனால் பாரிஸில் உட்கார்ந்திருந்தாலும் அந்த இ-சிம்மில் அது திறக்காமல் போகலாம். சில நிறுவனங்கள் போகும் நாட்டிலேயே அல்லது பக்கத்திலேயே வாசல் வைத்துக்கொள்கின்றன. இணையத்தில் உங்கள் போனுக்குக் கிடைக்கும் முகவரிதான் ஐபி, வாசல் எந்த நாட்டில் என்பதை அது காட்டும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் "ஐபி எந்த நாட்டுடையது?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

சேலத்து நண்பருக்கு ஒன்று விட்டுப்போனது. கிளம்புவதற்கு முன் இங்கேயே இ-சிம்மை ஏற்றிவிடுங்கள். அங்கே போய் வைஃபையில் ஏற்றப் பார்த்தால் விற்பனைத் தளம் திறக்காமல் நிற்கலாம்.

கரூரிலிருந்து: அன்லிமிடெட் பிளான் வாங்கலாமா?

நாளொன்றுக்கு எத்தனை ஜிபி வரை முழு வேகம், அதற்கு மேல் எவ்வளவு வேகம் என்று நியாயப் பயன்பாட்டு விதியில் பாருங்கள். வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் வாட்ஸ்அப் செய்தி போகும், வீடியோ ஓடாது. சுற்றுலா போகிறவர்கள் போட்டோ பேக்கப்பையும் ஆப் அப்டேட்டையும் வைஃபைக்கு மட்டும் என்று வைத்துவிட்டாலே அளவான பிளான் போதும்.

தஞ்சாவூரிலிருந்து: ஓடிபி வருமா சார்?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதில்தான். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, பத்து நாள். பாரிஸிலேயே சிம் வாங்கினால் மூன்று நாட்டிலும் ஓடும் என்கிறார் மைத்துனர்.

பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஓடும். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, அந்த விதி அங்கே செல்லாது. சில பிரெஞ்சு நிறுவனங்கள் தாங்களாகச் சேர்த்துக் கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. இ-சிம் வாங்கினாலும் ஐரோப்பா என்ற தலைப்பை நம்பாமல் நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனும் இதே கதைதான்.

வேலூரிலிருந்து: ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன் அண்ணா. ஒரு வருடத்துக்கு இ-சிம் கிடைக்குமா?

தம்பி, உனக்கு அது வேண்டாம். பயண இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், நம்பர் இருக்காது. வங்கிக் கணக்குக்கும் வீடு தேடுவதற்கும் ஜெர்மன் நம்பர் தேவைப்படும். முதல் வாரத்துக்குச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள், அதற்குள் அங்கே சிம் எடுத்துவிடு. ஊர் நம்பரை மட்டும் விட்டுவிடாதே.

நாகர்கோவிலிலிருந்து: ஃபோரெக்ஸ் கார்டு எந்த வங்கியில் நல்லது?

அது என் துறை இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள்.

ஓசூரிலிருந்து: அடுத்த வாரம் பயணம். ஊர் நம்பரையும் இ-சிம்மாக மாற்றிவிட்டால் வசதிதானே?

இப்போது வேண்டாம். மாற்றும்போது சில மணி நேரம் நம்பர் செத்துக் கிடக்கலாம், ஏதாவது சிக்கினால் கடைக்குப் போக வேண்டிவரும். போன் வெளிநாட்டில் தொலைந்தாலோ உடைந்தாலோ சாதா சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். இ-சிம் என்றால் அதைத் திரும்ப வாங்கவே அந்த நம்பர் தேவைப்படும். இன்னொன்று, இ-சிம்மாக மாற்றித் தருகிறோம் என்று போனில் அழைத்து உங்கள் நம்பரைத் தங்கள் போனுக்கு இழுத்துக்கொண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் இருக்கின்றன. அப்படி அழைப்பு வந்தால் துண்டியுங்கள். கியூஆர் கோடை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: இப்போது பாங்காக் விமான நிலையத்தில் இருக்கிறேன் சார். இ-சிம் ஏற்றியிருக்கிறேன், சிக்னல் இருக்கிறது, நெட் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றட்டுமா?

அழிக்காதீர்கள்! பல கியூஆர் கோடுகள் ஒரு தடவைக்குத்தான். அழித்தால் காசும் போய்விடும். முதலில் அந்த இ-சிம்மில் டேட்டா ரோமிங் இயங்குகிறதா பாருங்கள், டேட்டாவுக்கு அதையே தேர்வு செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்புறம் விமான முறையைப் போட்டு எடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் விற்பவர் அனுப்பிய மின்னஞ்சலில் ஏபிஎன் என்று ஒரு பெயர் இருக்கும், அதை அப்படியே உள்ளிடுங்கள். கடைசியாக நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, பிளானில் எழுதியிருக்கும் தாய்லாந்து நெட்வொர்க்கான ஏஐஎஸ் அல்லது ட்ரூவை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

அவரே: வந்துவிட்டது சார். டேட்டா ரோமிங் அணைந்திருந்தது.

நல்லது. ஊர் சிம்மில் அது அணைந்திருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள்.