மேடையில் எதிர்எடைக் கயிற்றை ரோப் லாக் போட்டு விட்டுவிட்டால் போதுமா?

கேட்டவர் சொன்னது இது: நாகர்கோவில் பக்கம் ஓர் அரங்கில் திரையும் செட்டும் எதிர்எடை வைத்த பார்களில், அதாவது மேடைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் குழாய்களில், தொங்குகின்றன. நாடகம் போடும் பையன்கள் கயிற்றை இழுத்து, ரோப் லாக் என்ற கயிற்றுப் பூட்டின் லீவரைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது போதுமா?

இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தால் போதும். இல்லையென்றால் போதாது.

துபாயில் ஓர் அரங்கில் ஆறு வருடம் இந்தக் கயிறுகளோடு கிடந்தவன் நான். முதல் நாளே அங்கிருந்த மலையாளி சேட்டன் சொன்னது, ரோப் லாக் ஒரு பிரேக் அல்ல என்பதுதான். அது கயிற்றைக் கவ்வும் ஒரு தாடை. சமமாக நிற்கும் பார் தானாக நகராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அது தாங்கும் வித்தியாசம் என்று பொதுவாகச் சொல்வது 50 பவுண்டு, ஏறக்குறைய 23 கிலோ. ஒரு எடைக் கட்டி பத்துப் பன்னிரண்டு கிலோ என்று வையுங்கள், இரண்டு கட்டி கூடிக் குறைந்தாலே எல்லைக்கு வந்துவிட்டோம். லீவர் மேல் மாட்டும் வளையத்தை நம்பியும் சிலர் இருப்பார்கள். லீவர் தட்டுப்பட்டுத் திறந்துவிடாமல் இருக்கத்தான் அந்த வளையம், எடை தாங்க இல்லை.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் வாளி, மறுமுனையில் அதே எடைக்கு ஒரு கல். ஒற்றை விரலால் ஏற்றி இறக்கலாம். வாளியை மட்டும் கழற்றினால்? கல் கிணற்றுக்குள் பாயும், உங்கள் உள்ளங்கைத் தோலையும் உரித்துக்கொண்டு.

இதைத் துபாய் போகும் முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் கடற்கரை ஊரில் பத்தாம் திருவிழா ராத்திரி நாடகம். கமுகு மரம் நட்ட மேடை. பிளைவுட்டில் வெட்டிய சம்மனசும் (தேவதூதர்) மேகமும் மேலிருந்து இறங்க வேண்டும். மறுமுனைக்குக் கடற்கரை மணல் நிரப்பிய இரண்டு சிமென்ட் சாக்கு. நாடகம் நல்லபடியாக முடிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், கீழே இறங்கி நின்ற மேகத்தை முதலில் அவிழ்த்துவிட்டோம். சாக்கு மேலே நிற்கிறது, கயிறு தூணில் இரண்டே சுற்று. சர்ரென்று ஒரு சத்தம், அடுத்து தொம்மென்று விழுந்து மேடைப் பலகை இரண்டாகப் பிளந்தது. அங்கே உட்கார்ந்திருந்த மாமா கட்டஞ்சாயா குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். செட் போட்ட ஆசான் எங்களை வைத வசவை இங்கே எழுத முடியாது.

ஆகவே பூட்டுவதற்கு முன்னால் வரிசை. ஏற்றும்போது பாரைத் தரைக்கு இறக்கி, முதலில் பாரில் சாமானைக் கட்ட வேண்டும். அப்புறம்தான் மேல் தளத்தில் நிற்பவர் எதிர்எடைக் கட்டிகளை அடுக்க வேண்டும். கழற்றும்போது நேர்மாறு: முதலில் கட்டிகள், பிறகு சாமான். எங்கள் மேகத்தில் நடந்தது இதைத் தலைகீழாகச் செய்ததால்தான். கட்டிகளை அடுக்கும்போது இடையிடையே, இரண்டடிக்கு ஒன்றாக, தகட்டுப் பட்டையைப் போட மறக்காதீர்கள். கட்டிகளைச் சுமக்கும் எடைச் சட்டம் வேகமாகப் போய் மோதினால் அதன் இரும்புக் கம்பிகள் விரிந்து கட்டிகள் வெளியே பறக்கும். அந்தத் தகடுதான் கம்பிகளைப் பிடித்து நிறுத்துகிறது.

சமமாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? லீவரே சொல்லும். எப்போதும் லேசாகத் திறக்கும் லீவர் இன்று முரண்டு பிடித்தால், கயிறு ஏதோ ஒரு பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம். பலம் கொடுத்துத் திறக்காதீர்கள், மேலே போய் எடையை எண்ணுங்கள்.

சில நேரம் சமமில்லாமல் வைத்தே ஆக வேண்டியிருக்கும். நீளமான வெல்வெட் திரையின் பாதி தரையில் கிடக்கும்போது பாரில் பாதி எடைதான் இருக்கும். அந்த நேரத்துக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று முறுக்கு. ஆள் இழுக்கும் கயிறுகளில், ஆள் பக்கம் இருக்கும் முன்கயிற்றையும் அதன் பின்னால் எடைப் பக்கம் இருக்கும் பின்கயிற்றையும் ரோப் லாக்குக்கு மேலே சேர்த்துப் பிடித்து, நடுவே உறுதியான ஒரு கட்டையைச் செருகிப் பல சுற்று முறுக்குவது. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வர வேண்டிய கயிறுகள் அவை. பின்னிக்கொண்டால் இரண்டும் நகராது. முறுக்கிய கட்டையை உடனே, ரோப் லாக் பொருத்தியிருக்கும் கம்பித் தண்டில் இறுக்கிக் கட்டுங்கள். கையை விட்டால் காற்றாடி போலச் சுழன்று முகத்தில் அடிக்கும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது, மலையேறுபவர்களின் புரூசிக் முடிச்சு. மெல்லிய கயிற்று வளையம் ஒன்றைக் கைக்கயிற்றின் மேல் மூன்று தடவை, தனக்குள்ளேயே நுழைத்துச் சுற்றி, மறுமுனையைக் கீழே உள்ள கம்பித் தண்டில் மாட்ட வேண்டும். பாரம் இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும், பாரம் வந்தால் கவ்விப் பிடிக்கும். எந்தக் கயிற்றில் போடுவது என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். மேலே ஓடப் பார்க்கும் கயிற்றில் போடுங்கள். எதிர்எடை கூடுதல் என்றால் அது முன்கயிறு, பாரில் எடை கூடுதல் என்றால் பின்கயிறு. வளையம் கைக்கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் கவ்வும். குளச்சல் வலைக்கடையில் கிடைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் கயிறு இதற்கு ஆகாது, வழுக்கும், உரசல் சூட்டில் உருகவும் செய்யும்.

பெரிய வித்தியாசத்துக்கு இந்த இரண்டுமே போதாது. செயின் பிளாக்கோ வின்ச்சோ, எடை தூக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள், வரும்வரை பாரைத் தரையிலேயே விடுங்கள்.

எல்லாம் மீறிக் கயிறு ஓட ஆரம்பித்துவிட்டால் பிடிக்காதீர்கள். கத்திக்கொண்டே எதிர்எடை ஓடும் சுவரையும் பாரையும் விட்டுத் தள்ளி ஓடுங்கள். துபாயில் ஒரு பையன் பிடிக்கப் போனான். ஒரு நொடிதான் இருக்கும். இரண்டு மாதம் அவனால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை, ஸ்பூன்தான்.