ஓடும்போது இயர்போன்: சாரல் காலத்தில் எது காதுக்கு ஆகும்?

கேள்வி: எனக்கு 29 வயது. ஊர் செங்கோட்டை. வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலையில் புளியரை சாலையில் 50 நிமிடம் ஓடுகிறேன். காதுக்குள் செருகும் ப்ளூடூத் இயர்போன் வைத்திருக்கிறேன். வலது பக்கம் அடிக்கடி கழன்று விழுகிறது. அழுத்திச் செருகினால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் 'தொம் தொம்' என்று தலைக்குள் கேட்கிறது. சாரல் தொடங்கியதிலிருந்து வலது காதில் ஒரே அரிப்பு, குளித்தால் அடைத்துக்கொள்கிறது. தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து விடச் சொல்கிறார் அம்மா. புதிதாக வாங்குவதென்றால் எந்த மாதிரி வாங்குவது? எலும்பு வழியாகக் கேட்கிற வகை காதைக் கெடுக்கவே கெடுக்காது என்கிறார் நண்பர். உண்மையா? என் இயர்போனைத் தம்பியும் எடுத்து மாட்டிக்கொள்கிறான். அதனால் ஏதாவது வருமா?

பதில்: கடைக்குப் போகுமுன் வலது காதை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் இயர்போனின் கோளாறு பாதி, காதின் கோளாறு பாதி. காதை அப்படியே விட்டுவிட்டு என்ன விலைக்கு வாங்கினாலும் அரிப்பு நிற்காது.

குளித்ததும் அடைப்பது பெரும்பாலும் குறும்பியின் வேலை. பெரியவர்களுக்குக் காதுக்குழல் ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம். அதில் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில்தான் குறும்பி சுரக்கிறது. குழலின் தோல் தானாகவே மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்; நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தினமும் ரப்பர் முனையைத் திணித்தால், வெளியே வரவேண்டியது மறுபடி உள்ளே போய்க் கெட்டிப்படுகிறது. தண்ணீர் பட்டால் ஊதிக் குழலை அடைத்துக்கொள்கிறது.

அரிப்புக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் பக்கம் காற்றே ஈரம்தான். அந்த ஈரத்தில் ஓடி, வியர்த்த காதை முக்கால் மணி நேரத்துக்கு மேல் மூடியும் வைத்தால் பூஞ்சை பிடிக்க வேறென்ன வேண்டும்? வலி குறைவு, அரிப்பு அதிகம் என்றால் முதலில் சந்தேகிப்பது பூஞ்சையைத்தான். உள்ளே பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கி வைத்ததுபோல் இருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்றால் நடுநடுவே கறுப்புப் புள்ளிகள், கேண்டிடா என்றால் வெள்ளைப் படிவு. மருத்துவர் அதை உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டு க்ளோட்ரிமசோல் போன்ற சொட்டு மருந்தைப் பெரும்பாலும் இரண்டு வார அளவில் தருவார். அரிப்பு சில நாளிலேயே நின்றுவிடும். அதோடு மருந்தையும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் அடுத்த மாதம் திரும்ப வருகிறது.

மருந்துக் கடையில் 'காதுக்குச் சொட்டு' என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். ஆண்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு பூஞ்சையை வளர்க்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில சொட்டுகள் உள்காதையே பாதிக்கும். உள்ளே பார்க்காமல் அது தெரியாது. எண்ணெயும் வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஈரத்தையும் தூசியையும் அது குழலுக்குள் பிடித்து வைக்கும், சூடு கொஞ்சம் கூடினாலும் செவிப்பறை வரை வெந்துவிடும். பட்ஸ், ஹேர்பின், கோழி இறகு, பைக் சாவி எதுவும் காதுக்குள் போகக்கூடாது. மருந்து முடியும்வரை குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சை வெளிக்காதில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்தில் அருவிக்குத் தலை கொடுப்பதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

காது மடலை இழுத்தாலோ, கன்னத்தை ஒட்டியிருக்கும் சின்னத் திமிலை அழுத்தினாலோ சுரீரென்று வலித்தால் அது பூஞ்சையோடு நிற்கவில்லை, பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரவில் தூங்கவிடாத காது வலி வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தொற்று எலும்புக்குப் போகிற வகை ஒன்று உண்டு. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் 'குறும்பியாக இருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

இனி, கழன்று விழும் சங்கதி. பெரும்பாலோர் பெட்டியில் மாட்டிவந்த நடு அளவு முனையையே இரண்டு காதிலும் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கே வலக் குழலும் இடக் குழலும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. வலதுக்குப் பெரியது, இடதுக்கு நடு அளவு என்று கலந்து போடுவதில் தப்பே கிடையாது. மாட்டுகிற முறையும் முக்கியம். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த குழல் அப்போதுதான் நேராகும். வலது கையால் முனையை வைத்து, லேசாகப் பின்பக்கம் திருகி விடுங்கள். பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள், இருபது தடவை குதியுங்கள். தாடை அசையும்போது குழலின் முன்சுவரும் அசையும். பல இயர்போன்கள் கழல்வது ஓட்டத்தால் அல்ல, மூச்சு வாங்க வாய் திறப்பதால்தான். சரியான அளவு இந்தச் சோதனையில் நகராது, பத்து நிமிடம் கழித்தும் வலிக்காது. வலித்தால் அளவு பெரிது. 'போகப் போகப் பழகிவிடும்' என்று விடாதீர்கள், தோல்தான் புண்ணாகும்.

வியர்வை வழிந்தால் சிலிக்கான் வழுக்கத்தான் செய்யும். அதனால் ஓட்டத்துக்கு முனையை மட்டும் நம்பாமல், காது மடலின் உள்மடிப்பில் பதிகிற சிறு ரப்பர் இறக்கையோ, மடலின் மேல் சுற்றுகிற கொக்கியோ உள்ளதாகப் பாருங்கள். பாரத்தைக் கொக்கி தாங்கினால் முனையைத் திணிக்க வேண்டிய அவசியமே இராது. மெத்தென்ற நுரை முனை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வியர்வையைக் குடித்துவிடும், கழுவவும் சரிப்படாது. சாரல் காலத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

'தொம் தொம்' ஓசை இயர்போன் பழுதல்ல. விரலால் காதை அடைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், அதே ஓசை கேட்கும். பாதம் தரையில் மோதும் அதிர்வு எலும்பு வழியாக வந்து குழலின் சுவரை அசைக்கிறது. குழல் திறந்திருந்தால் அந்தத் தாழ்ந்த ஒலி வெளியே போய்விடும். குழலின் வாயை அடைத்துவிட்டால் செவிப்பறையில்தான் போய் மோதும். மூச்சும் விழுங்கும் சத்தமும் அப்படியே பெரிதாகக் கேட்கும். ஆகவே எவ்வளவுக்கெவ்வளவு இறுக்கமாக அடைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பாட்டு தெளிவாக இருக்கும், தொம்மும் இருக்கும். காற்றோட்டத்துக்குச் சிறு துளை வைத்த வகைகளில் இது குறையும். குழலை அடைக்காத வகைகளில் இது இல்லவே இல்லை. வயர் வைத்தது என்றால் வயர் சட்டையில் உரசும் ஓசையும் சேரும். அதைக் காதின் மேலாகச் சுற்றிக் காலரில் ஒரு கிளிப் போட்டால் பெருமளவு நின்றுவிடும்.

சரி, எதை வாங்குவது? நீங்கள் ஓடும் புளியரை சாலை கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலை. விடிவதற்கு முன்பே கேரளாவுக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டும். அந்தச் சாலையில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடுவதை எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்காரும் எலும்பு வழி வகையோ, கொக்கியில் தொங்கிக் குழலுக்கு வெளியே ஒலிபெருக்கி நிற்கும் திறந்த வகையோதான் உங்களுக்கு ஏற்றது. காது ஆறும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் சாலைக்கு அதுவே நல்லது. பள்ளி மைதானத்திலோ டிரெட்மில்லிலோ ஓடுவதென்றால் காதுக்குள் செருகும் வகை சரி. செவிப்பறையில் ஓட்டையோ சீழ் வடியும் காதோ உள்ளவர்களுக்கு எந்த இடத்திலும் செருகும் வகை ஆகாது.

ஒரு காதில் மட்டும் மாட்டி ஓடுகிறவர்கள் உண்டு. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாக ஓடினால் சாலை இடப்பக்கம் இருக்கும். அப்போது இடது காது திறந்திருக்க வேண்டும், வலதில் மாட்ட வேண்டும். போன் அமைப்பில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டால் பாட்டின் பாதி காணாமல் போகாது. ஆனால் உங்களுக்கு நோய் வலது காதில்தான், அது ஆறும்வரை இந்த வழி கிடையாது. 'எஸ்' வளைவுப் பக்கம் ஏறுகிறீர்கள் என்றால் அங்கே எதுவும் மாட்டாமலே ஓடுங்கள். அந்த வளைவில் பின்னாலிருந்து முந்துகிற வண்டி நீங்கள் ஓடும் ஓரத்துக்கே வரும்.

வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்துக் காதுக்குத் தரும் வசதி பல இயர்போன்களில் இருக்கிறது. அதை நம்பிச் சாலையில் இறங்காதீர்கள்: காற்று அடித்தால் 'உஸ்'ஸென்று இரையும், மைக் துளையில் சாரல் துளி நின்றால் மங்கிவிடும். சத்தத்தை அழிக்கும் வசதி ஓட்டத்துக்குத் தேவையே இல்லை.

தண்ணீர்த் தாங்கும் குறியீட்டைப் பெட்டியின் மேல் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், வியர்வைக்குப் போதும். சாரலில் நனைந்தபடி ஓடுவதென்றால் நீர்ப் பாய்ச்சலைத் தாங்கும் ஐபிஎக்ஸ்5 எடுங்கள். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கலாம் என்பது மட்டும்தான்; பாய்ச்சலுக்கு அது உத்தரவாதம் அல்ல. இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பது, வியர்வையின் உப்பு அதில் கணக்கில்லை. சார்ஜ் ஏற்றும் டப்பாவுக்குப் பெரும்பாலும் இந்தக் குறியீடே கிடையாது. ஈரத்தோடு உள்ளே போட்டு மூடினால் சார்ஜ் புள்ளிகள் பச்சை பூத்துப்போகும். தொடுதிரைபோல் தொட்டு இயக்குவதைவிட அழுத்தும் பொத்தான் உள்ளதை எடுங்கள். மழைத்துளி பட்டாலே பாட்டு மாறுகிற தொல்லை இருக்காது.

எலும்பு வழி வகையைப் பற்றி நண்பர் சொன்னது பாதி சரி. குழலுக்குள் எதுவும் போகாததால் குறும்பி, பூஞ்சைத் தொல்லை குறையும். ஆனால் ஒலி கடைசியில் போய்ச் சேர்வது அதே உள்காதின் நத்தைச்சுருளுக்குத்தான். அதிகம் வைத்தால் அங்குள்ள மயிர்ச்செல்கள் அதே மாதிரி அழியும், மறுபடி வளராது. காது திறந்திருப்பதால் லாரிச் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டத் தோன்றும், ஆபத்து அங்கேதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்குமேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5, 92க்கு இரண்டரை. நீங்கள் வாரம் ஓடுவது 250 நிமிடம், அதாவது நாலு மணி பத்து நிமிடம். 89 டெசிபலில் கேட்டால் வாரக் கணக்கு ஓட்டத்திலேயே ஏறக்குறையத் தீர்ந்துவிடும், பஸ்ஸில் கேட்பதற்கு மிச்சமில்லை. 92 என்றால் மூன்றாம் நாளோடு சரி. ஐபோனின் ஹெல்த் செயலியில் இந்த அளவு பதிவாகிறது. சில ஆண்ட்ராய்டு போன்களும் அளவு கூடினால் எச்சரிக்கும். தோராயமான கணக்குதான், ஆனாலும் உதவும். ஓடி முடித்துக் கழற்றியதும் காதில் 'ங்' என்ற இரைச்சலோ மந்தமோ இருந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அளவு அதிகம்.

ஓட்டம் முடிந்ததும் துடைத்துக் காற்றாட வையுங்கள். செருகும் வகை என்றால் முனைகளைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டுப் போடுங்கள். ஒலி வரும் வலையில் தண்ணீர் படக்கூடாது. வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மேலே பார்க்கப் பிடித்தால் அழுக்கு உள்ளேதான் போகும். ஈரமான காதில் உடனே வேறு இயர்போனை மாட்டிக்கொண்டு போன் பேச உட்காராதீர்கள்.

தம்பி விஷயம்: கொடுக்காதீர்கள். பூஞ்சை பிடித்த காதில் இருந்த முனையை அவர் போட்டுக்கொண்டால் அவருக்கும் வரலாம். அவர் காதில் இருப்பது உங்களுக்கும் திரும்பலாம். பழைய முனைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், இயர்போனின் பிளாஸ்டிக் உடம்பை 70 சதவீத ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். காது ஆறியபின் அதையே போடுவதானால் புது முனை வாங்கி மாட்டுங்கள். தம்பிக்கும் அரிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் இருவரும் சேர்ந்தே போய்க் காட்டிக்கொள்ளுங்கள்.