சந்தேகம் வந்தால் நம்பிக்கை போய்விட்டதாக அர்த்தமா?

கடவுள் மேல் சந்தேகம் வருகிறது, வீட்டில் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தேகம் வந்ததாலேயே நம்பிக்கை போய்விட்டது என்று ஆகாது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் கடவுளின் இருப்பையே உணர முடியாமல் அவர் தவித்தது வெளியே தெரிந்தது. அப்போதும் அவர் பணியை விடவில்லை. விவேகானந்தர் இளைஞராக இருந்தபோது, கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று ராமகிருஷ்ணரிடம் நேராகவே கேட்டார்.

சரி, பேச்சை எங்கே தொடங்குவது? 'கடவுள் உண்டா இல்லையா' என்று ஆரம்பித்தால் அது பட்டிமன்றம்தான். உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்: பலிக்காத பிரார்த்தனையா, நல்லவர்கள் படும் துன்பமா, சடங்குகளா? அப்புறம், வீட்டில் இருப்பவர்களுக்கும் இப்படித் தோன்றியதுண்டா என்று கேளுங்கள். (பல பெரியவர்களிடம் இதை யாரும் கேட்டதே இருக்காது.) அன்றைக்கே முடிவுக்கு வரவேண்டிய கட்டாயமில்லை, குரல் உயர்ந்தால் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.